இருகண் விதி

உப்பளத்து மருத்துவமனையில் அழுகை காலை பத்து மணிக்குத் தொடங்கும். அதற்கு முன் அழுதால் செல்லாது.

அன்று வரிசையில் முதல் ஆள் மாதங்கி. அழுகை மெய்யா பொய்யா என்று சோதிக்கும் அந்த மெய்க்கூடத்தின் தலைவி பதினோரு வருடமாக அவள்தான். ஆனாலும் விபத்தில் அடிபட்ட அவள் கணவன் சற்குணம் நினைவில்லாமல் கிடக்கும் இந்த ஏழு மாதமாக, மாதம் ஒருமுறை அவளும் மற்றவர்களைப் போல நாற்காலியில் உட்கார்ந்து அழுதாக வேண்டும்.

உயிர்த்தாங்கிக் கட்டில்கள் ஊருக்கு நாற்பதுதான். யாருக்குத் தருவது என்று மனிதர்கள் முடிவுசெய்த காலத்தில் பெரிய இடத்து மாமனார்கள் ஆறு வருடம் வசதியாகப் படுத்திருந்தார்கள். கண்ணீரை அளக்கும் கசிவுமானி வந்து அந்த வம்பை ஒழித்தது. நெருங்கிய உறவு ஒருவர் அதன்முன் அழ வேண்டும். துக்கம் அதிலும் தெரியும் என்று அவர் எச்சிலும் எடுக்கப்படும். துக்கத்தில் சுரப்பதையும் தூசி பட்டுச் சுரப்பதையும் கருவி பிரித்துவிடும். மெய் என்றால் முப்பது நாள். பொய் என்றால் அன்று மாலையே கட்டில் கைமாறும்.

நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? துக்கக் கண்ணீரையே வரவழைக்கும் தைலம் ஒன்று பேருந்து நிலையத்தில் விற்கத் தொடங்கியது. பயங்கர எரிச்சல். அதனால் ஒரு கண்ணில் மட்டும் தடவிக்கொண்டு, படிவத்தில் கையெழுத்துப் போட மறு கண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். இந்தத் திருட்டைக் கண்டுபிடித்தவள் மாதங்கி. நிஜத் துக்கம் இரண்டு கண்ணிலும் ஒன்றுபோல வரும், இரண்டு கன்னத்து எச்சிலிலும் ஒன்றுபோல இருக்கும். இரண்டு பக்க மதிப்பெண் வித்தியாசம் பத்தைத் தாண்டினால் மறுப்பு. இருகண் விதி என்று அதற்குப் பெயரும் அவளே வைத்தாள். அடுத்த வாரமே எல்லோர் கையிலும் ஒரு கண்ணில் கோளாறு என்று மருத்துவச் சான்றிதழ் முளைக்கவே, சான்றிதழ் ஏற்கப்படாது என்று இன்னொரு வரியும் சேர்த்தாள். அவள் நேர்மையானவள். அதுதான் இதில் மோசமான விஷயம்.

இரண்டு வருடம் முன்பு செல்லையா என்று ஒருவர் வந்தார். காதுக்குக் கீழே, எச்சில் சுரப்பியில், நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. இரண்டு கன்னத்து எச்சிலும் ஒத்துப்போகவில்லை.

"பத்து வருசமா இருக்கும்மா. மொதல்ல பட்டாணி கணக்கா இருந்துச்சு. வலிக்கவும் வலிக்காது, கரையவும் கரையாது. சாதுவான கட்டின்னு டாக்டரே சொல்லிட்டாரு."

"சாதுவான கட்டின்னா அது எப்படிங்கய்யா காரணமாகும்?" என்றாள் மாதங்கி, மரியாதையாகத்தான்.

அவர் மனைவியின் கட்டில் அன்று மாலை கைமாறியது.

போன வருடக் கடைசியில், கண்ணுக்கு மை இடும்போது மாதங்கி ஒன்றைக் கவனித்தாள். இடது மேலிமையின் வெளியோரம் லேசாகத் தடித்திருந்தது. வலி இல்லை, சிவப்பில்லை. தூக்கம் போதவில்லை என்று விட்டுவிட்டாள். பிறகு விபத்து வந்தது. தன் முகத்தைப் பார்க்க அவளுக்கு ஏது நேரம். கோடையில் அந்தக் கண் சற்றுப் புடைத்து, கீழேயும் மூக்குப் பக்கமும் தள்ளியிருந்தது. மாடிப்படி ஒவ்வொன்றும் மேலும் கீழுமாக இரண்டாகத் தெரிந்தது.

"கண்ணீர்ச் சுரப்பியில கட்டி. கெட்டது இல்ல, மெதுவா வளர்றது," என்றார் கண் மருத்துவர். "ஆனா சும்மா விடக் கூடாது. பல வருசம் போனா கெட்டதா மாறலாம். உறையோட முழுசா எடுக்கணும்."

"எடுத்தா அந்தக் கண்ணு அழுமா, டாக்டர்?"

"அழறது குறைஞ்சுடும். வறட்சிக்குச் சொட்டு மருந்து போட்டுக்கலாம்."

எடுத்தால் அழாது. விட்டால் வேறாக அழும். மாதங்கி விட்டாள். போன மாத வித்தியாசம் ஒன்பது.

இன்று நாற்காலியில் அவள் முயற்சி எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. நேற்று அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டபோது சற்குணத்தின் கட்டைவிரல் இரண்டு தடவை அசைந்தது. தாதியும் பார்த்தாள். இன்னும் ஒரு மாதம் கிடைத்தால் கண் திறப்பான் என்று மாதங்கி உறுதியாக நம்பினாள். அந்த விரலை நினைத்ததும் அழுகை தானாக வந்தது.

கருவியை இயக்கும் யாக்கோபு திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வலது கண்ணு தொண்ணூத்தெட்டுக்கா. இந்தக் கூடத்துல இவ்வளவு வந்ததே இல்ல."

"எடது?"

அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். எண்பத்தொன்று.

"இன்னொரு தடவை எடுப்போமாக்கா?"

"ஒருத்தருக்கு ஒரு தடவைதான். விதி அது."

"கட்டி இருக்குன்னு எனக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியும். மேல எழுதிப் போட்டா..."

"எதை வச்சு எழுதுவ? சான்றிதழ் செல்லாதே."

கருவி மறுப்புத் தாளைத் துப்பியது. காரணம்: போலித் துக்கம். அந்த இரண்டு சொல்லையும் பதினோரு வருடத்தில் எத்தனை பேர் மடியில் போட்டிருப்பாள். செல்லையா இதே தாளை வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அவர் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். கட்டிதான் ஞாபகம் வந்தது.

தாளின் அடியில் கூடத் தலைவர் கையொப்பம் வேண்டும்.

"நீங்க போடலன்னா என்னையப் போடச் சொல்லுவாங்கக்கா," என்றான் யாக்கோபு.

"உனக்கு எதுக்குப்பா அந்தப் பாவம்."

வெளியே, வரிசையில் அடுத்து நின்ற பெண் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். அவள் வீட்டு ஆளுக்கு இன்று ஒரு கட்டில் காலியாகப் போகிறது.

மாதங்கி பேனாவை எடுத்தாள். கையொப்பக் கோடு ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு தெரிந்தது. எது நிஜக் கோடு என்று பிடிபடவில்லை. நீர் வடிந்துகொண்டிருந்த இடது கண்ணை உள்ளங்கையால் பொத்தினாள். தைலம் தடவி வந்தவர்கள் செய்ததைப் போலவே, ஒற்றைக் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.