குனோங் ராபாட்டில் காணாமப் போன ஏழு கிலோ

ஞாயித்துக்கிழமை, காலைல 6.10.

ஈப்போ குனோங் ராபாட்டுல, தன் ஸ்தோர் அறைக்குள்ள மகேந்திரன் போர்வையை இழுத்தாரு. உள்ள சைக்கிள் இல்ல. ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒண்ணு மேல ஒண்ணு. அதுக்கு மேல குறுக்க ஒரு தொடப்பம்.



அது சாதாரண சைக்கிள் இல்ல. கறுப்பு கார்பன். மொத்த எடை ஏழு கிலோ. அந்த வெலைக்கு ரோட்டுல ஓடுற நல்ல பழைய காடி, நாலு பேரு உக்காந்து போற மாதிரி ஒண்ணு வாங்கிடலாம். மகேந்திரன் அதை மழையில எடுத்ததில்ல, யாரையும் தொட விட்டதில்ல.

சைக்கிள் கடை வெச்சிருக்கிற தர்மேந்திரன் கதவைத் தடவிப் பாத்தான். "பூட்டு உடையல. சாவி போட்டுத்தான் திறந்திருக்கான்."

"சாவி ரெண்டுதான்," மகேந்திரன் சொன்னாரு. "ஒண்ணு எங்கிட்ட. இன்னொண்ணு..."

எல்லாரும் துளசியைப் பாத்தாங்க.

துளசி ஆயர் தாவார்க்காரி. இருபத்தஞ்சு வயசு. ஈப்போவுக்கு வந்து மூணு மாசம்தான் ஆச்சு. தனியார் ஆஸ்பத்திரி ஒண்ணுல மருந்து ஸ்தோர்ல வேலை, இன்னும் நிரந்தரமாகல. காடி கிடையாது, லைசென்சும் எடுக்கல. எங்க போறதுன்னாலும் சைக்கிள்தான். முதல் வாரம் பழைய டவுன்ல ஒருவழி ரோட்டுல மாட்டிக்கிட்டு மூணு தடவை ஒரே கோப்பிக் கடையைச் சுத்தி வந்தா. கோப்பேங் ரோட்டுல லோரிக்காரன் அடிச்ச ஹாரன்ல ரோட்டோரச் சாக்கடைக் காணுக்குள்ளயே இறங்கிட்டா. மறுநாளும் அதே ரோட்டுலதான் வேலைக்குப் போனா. ரெண்டாவது மாசம் எந்த லைட்டுல எவ்வளவு நேரம் நிக்கணும், எந்த வளைவுல பஸ் ஒதுங்காதுன்னு எல்லாம் அவளுக்கு அத்துப்படி. வழி தெரியலன்னா தலையைத் தூக்கி மலை எந்தப் பக்கம்னு பாப்பா. அவ்வளவுதான்.

'ஞாயிறு சக்கரம்' குழுவுல அவ சேந்த அன்னைக்கு, அவளோட பதிமூணு கிலோ பழைய சைக்கிளைப் பாத்து ஆம்பளைங்க சிரிச்சாங்க. மேட்டுல அவ முதுகைப் பாத்த பிறகு யாரும் சிரிக்கல. போன மாசம் சுங்கை சிப்புட் பக்கம் பழைய கித்தா தோட்டத்து ரப்பர் மரங்களுக்கு நடுவுல போற ரோட்டுல பாலம் மழையில போயிருந்துச்சு. எல்லாரும் சைக்கிளைத் தூக்கித்தான் கடந்தாங்க. விக்னேஸ்வரனுக்கு முட்டி வலி. அவனோட இரும்பு ஃபிரேம் சைக்கிளையும் சேத்து இவதான் ரெண்டாவது நடை தூக்கிட்டு வந்தா. கேக்காமலே செஞ்சா.

குழுவோட தலைவர் மகேந்திரன்தான் அவளுக்குத் தன் அக்கா பாப்பா வீட்டு மாடியில அறை பிடிச்சுக் குடுத்தாரு. மாடிப்படி குறுகல், சைக்கிள் ஏறாது. அதனால ஸ்தோர் சாவி ஒண்ணும் குடுத்தாரு.

இப்ப அந்தச் சாவிதான் வினை.

"நான் எடுக்கலண்ணே," துளசி சொன்னா.

"நேத்து சாயந்தரம் பூட்டினது யாரு?"

"நான்தான்."

"அப்ப நான் வேற யாரைக் கேக்கறது?" மகேந்திரன் போனை எடுத்து எதையோ தட்டினாரு. "அக்காவுக்கு மெசேஜ் போட்டுட்டேன். இன்னைக்கே அறையைக் காலி பண்ணிடு. ஏழரைக்கு வேன் கிளம்பட்டும். அப்பறம் நான் நேரா ஸ்டேஷன் போறேன்."

போலீஸ்ல பேரு போனா ஆஸ்பத்திரி வேலை நிக்காது. வேலையும் அறையும் போனா ஆயர் தாவாருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். துளசிக்கு அது தெரியும். அழல. மணியைப் பாத்தா.

"ஏழரைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்குண்ணே. அது வரைக்கும் நாலு கேள்வி கேட்டுக்கறேன்."

6.30.

அன்னைக்கு அவங்க கடல் தாண்டி இருக்கிற சபா மாநிலத்துக்குக் கிளம்புற நாள். அங்க மலை ரைடு. சைக்கிளை எல்லாம் பெட்டியில கட்டி வேன்ல ஏத்தி விமான கார்கோவுக்கு அனுப்பணும். துளசி, தர்மேந்திரன், விக்னேஸ்வரன் மூணு பேரு பெட்டியும் நேத்தே கட்டி டேப் ஒட்டி சுவர் ஓரம் நின்னுச்சு. மகேந்திரன் மட்டும் கட்டல. சனிக்கிழமை அவரு ஒரு சாமானையும் கழட்ட மாட்டாரு. ஆணி புடுங்குறதுன்னாக்கூட ஞாயித்துக்கிழமைதான். அது ஈப்போவுக்கே தெரியும்.

"நேத்து மத்தியானம் சைக்கிளை மூடி வெச்சுட்டு எத்தனை மணிக்குப் போனீங்கண்ணே?"

"நாலு. நீயும் தர்மேந்திரனும் பெட்டி கட்டிட்டு இருந்தீங்க."

துளசி தர்மேந்திரன் பக்கம் திரும்பினா. "நாம எத்தனை மணிக்கு எதிர்க்கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனோம்?"

"அஞ்சுக்கு. வேன் ஓட்டுற சன்னாசி அண்ணனும் இருந்தாரு."

"நடுவுல நீங்க மட்டும் உள்ள போனீங்க."

"போன் சார்ஜரை விட்டுட்டேன். அஞ்சு அஞ்சுக்குப் போனேன், எடுத்தேன், வந்தேன். அதுக்குள்ள சைக்கிளைச் சட்டைப் பையில போட்டுக்கவா?"

"பழைய சாமான் விக்கிறவன் நீதானே," மகேந்திரன் முணுமுணுத்தாரு.

"அண்ணே, கொஞ்சம் முன்ன வரைக்கும் அவ திருடி. இப்ப நானா? வரிசை வெச்சிருக்கீங்களா?"

துளசி அதைக் காதுல வாங்கல. "விக்னேஸ்வரண்ணே, நீங்க எப்ப வந்தீங்க?"

விக்னேஸ்வரன் சுவர்ல சாஞ்சு நின்னான். நாப்பது வயசு, மெலிஞ்ச ஆளு, பத்து வருஷமா குழுவுல இருக்கான். "அஞ்சே காலு. பெட்டியைக் காடியில கொண்டாந்தேன். வீட்டுலயே கட்டி டேப் ஒட்டியாச்சு."

"உள்ள எவ்வளவு நேரம்?"

"கொஞ்ச நேரம்லா. பெட்டியில பேரு எழுதினேன்."

அஞ்சே முக்காலுக்குத்தான் அவன் தேத்தண்ணிக் கடைக்கு வந்தான். உள்ள போறதுக்கு முன்ன துளசிகிட்ட வாங்கின, போல்ட் திருப்புற எல் சாவியைக் கையோட திருப்பிக் குடுத்தான். அப்பறம் துளசி எட்டிப் பாத்தா, போர்வை மூடின உருவம் மூலையில அப்படியே இருந்துச்சு. கதவைப் பூட்டிட்டுப் போனா. அந்தக் கதவு ஒண்ணுதான். ஜன்னல்ல கம்பி.

6.50.

சன்னாசி வேனைப் பின்னால எடுத்து நிறுத்தினாரு. ஒரு கையில பிளாஸ்டிக் பையில கட்டின கோப்பி, பல்லுல உறிஞ்சுகுழல்.

"திருடன் ஆம்படறானோ இல்லையோ, கார்கோக்காரன் காத்திருக்க மாட்டான். ஏத்தவா?"

"ஏத்து," மகேந்திரன் சொன்னாரு.

விக்னேஸ்வரன் அவரு பக்கத்துல போனான். "சன்னாசி அண்ணே, நான் வரல. காலைல முதலாளி போன் பண்ணிட்டான், லீவு இல்லையாம். என் பெட்டியைப் போற வழியில வீட்டுல இறக்கிடுங்க."

"அட பாவமே. டிக்கெட் காசு போச்சா?"

"போனாப் போவுது."

சன்னாசி கோப்பியை வேன் மேல வெச்சுட்டு துளசி பெட்டியை ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுத் தூக்கினாரு. "என்னாடி தங்கச்சி, உள்ள அம்மிக்கல்லா?" தர்மேந்திரன் பெட்டிக்கும் முக்கினாரு. கோப்பி ஆறிடும்னு அதைத் திரும்ப எடுத்துக்கிட்டாரு. மூணாவது பெட்டியை ஒத்தைக் கையால தோள்ல சாத்தி உள்ள தள்ளினாரு. கோப்பி ஒரு சொட்டு சிந்தல.

துளசி அதைப் பாத்தா. அவ வாய் லேசாத் திறந்து மூடுச்சு.

அங்க நின்ன அத்தனை பேரும்தான் அதைப் பாத்தாங்க.

7.05.

"சன்னாசி அண்ணே, கதவைச் சாத்தாதீங்க," துளசி சொன்னா. "மகேந்திரண்ணே, உங்க சைக்கிள் இந்த ஸ்தோரை விட்டு வெளியவே போகல. இப்பத்தான் வேன்ல ஏறுச்சு."

"என்னா பேசற?"

"அந்த நாற்காலியைப் பாருங்க. ராத்திரி சாவி போட்டு வந்து திருடினவன் எதுக்கு உக்காந்து நாற்காலி அடுக்கி, தொடப்பத்தை ஹேண்டில் மாதிரி வெச்சு மூடணும்? காலைல எப்படியும் தெரியப் போவுது. தூக்கிட்டு ஓடினாப் போதும். இது காலைல வரப் போற உங்களுக்காக வெச்சதில்ல. சாயந்தரம் பூட்டறதுக்கு முன்ன எட்டிப் பாப்பேனே, எனக்காக வெச்சது. அப்படின்னா நான் பூட்டும்போதே சைக்கிள் போர்வைக்குள்ள இல்ல."

தர்மேந்திரன் மெதுவாத் தலையாட்டினான். "ஆனா வாசலுக்கு எதிர்லதான் நாம உக்காந்திருந்தோம். எதுவும் வெளிய போகல."

"போகல. அதனால உள்ளயேதான் இருந்திருக்கணும். உள்ள இருந்தது மூணு பெட்டி. என் பெட்டியையும் உங்க பெட்டியையும் மகேந்திரண்ணன் சைக்கிள் இங்க நிக்கும்போதே கட்டிட்டோம். மூணாவது பெட்டி வெளிய இருந்து வந்தது."

"நான் வீட்டுலயே கட்டி..." விக்னேஸ்வரன் ஆரம்பிச்சான்.

"வீட்டுலயே கட்டின பெட்டிக்கு இங்க வந்து எதுக்குண்ணே எல் சாவி வாங்கினீங்க? பேரு எழுதவா?"

அவன் கண்ணு வேனுக்குள்ள போச்சு.

"அதுகூட நான் மறந்திருப்பேன். சன்னாசி அண்ணன்தான் ஞாபகப்படுத்தினாரு."

"நானா?" சன்னாசி உறிஞ்சுகுழலை வாயில இருந்து எடுத்தாரு. "நான் ஒண்ணுமே சொல்லலயே."

"நீங்க கோப்பி குடிச்சுக்கிட்டே ஒத்தைக் கையால தூக்கினீங்க. விக்னேஸ்வரண்ணன் சைக்கிள் இரும்பு. அன்னைக்கு பாலத்துல நான் தூக்கி ரெண்டு நாள் தோள் கன்னிப் போயி இருந்துச்சு. அதை பெட்டியில போட்டு யாரும் ஒத்தைக் கையால தூக்க முடியாது. உள்ள இருக்கறது ஏழு கிலோ."

விக்னேஸ்வரனே வேனுக்குள்ள ஏறினான். பெட்டியை இழுத்தான், டேப்பைக் கிழிச்சான்.

கறுப்பு ஃபிரேம். ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியா பருத்தித் துணியில சுத்தியிருந்தான், அதுல ஒண்ணு ரெண்டு கைக்குழந்தைத் துணி. சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல பஞ்சு. ஒரு கீறல் இல்ல. அரை மணி நேரத்துல அவ்வளவு பக்குவமா கழட்டின கையை தர்மேந்திரன் வாயைப் பொளந்து பாத்தான்.

"வித்துருப்பியாடா?" மகேந்திரன் கேட்டாரு.

"விக்கறதுக்கா?" விக்னேஸ்வரன் சிரிக்கப் பாத்தான், வரல. "பத்து வருஷமா உங்க பின் சக்கரத்தையே பாத்துக்கிட்டு மலை ஏறுறேன். ஒரே ஒரு வாட்டி ஓட்டிப் பாக்கறேன்னு கேட்டேன். எல்லார் முன்னாலயும், முதல்ல வயித்தைக் கொறச்சுட்டு வான்னு சொன்னீங்க. எனக்கு எங்கண்ணே வயிறு?"

மகேந்திரனுக்கு அது ஞாபகம் இருந்துச்சு போல. கீழ பாத்தாரு.

"அது உங்க ரெண்டு பேரு விஷயம்," துளசி சொன்னா. குரல் உயரல. "பழி என் மேல விழும்னு தெரியும்லண்ணே?"

"தெரியும்."

"சரி."

அதுக்கு மேல அவ அவங்கிட்ட ஒண்ணும் கேக்கல. அவன் இறங்கி காடி பக்கம் நடந்தான். மகேந்திரன் ஸ்டேஷனுக்கு போன் பண்ணல. "குழுவுல இனிமே நீ இல்ல," அப்படின்னு மட்டும் அவன் முதுகைப் பாத்துச் சொன்னாரு. அவன் திரும்பாமலே தலையாட்டினான்.

சன்னாசி பெட்டியைத் திரும்ப மூடி டேப் ஒட்டினாரு. விக்னேஸ்வரன் பேரை அடிச்சுட்டு மகேந்திரன் பேரை எழுதினாரு. "எப்படியோ சனிக்கிழமையே கட்டியாச்சு. இனிமே கழட்டி மறுபடி கட்டறேன்னு சொல்லாதீங்க, எனக்கு நேரமில்ல."

மகேந்திரன் துளசி முன்னால வந்து நின்னாரு. பெரிய ஆளு. இப்ப கையை எங்க வைக்கறதுன்னு தெரியாம நின்னாரு.

"மன்னிச்சுக்கம்மா."

"எல்லார் முன்னாலயும்தான் அக்காவுக்கு மெசேஜ் போட்டீங்க. இப்பவும் எல்லார் முன்னாலயும் பேசுங்கண்ணே."

அவரு போன் போட்டாரு. ஸ்பீக்கர்ல வெச்சாரு.

7.25.

"என்னாடா?" பாப்பா அக்கா குரல்.

"அக்கா, அந்த மெசேஜ்..."

"படிச்சேன்."

"அது தப்பு. துளசி எடுக்கல. அவதான் கண்டுபிடிச்சா."

"எடுக்கலன்னு எனக்கு எதுக்குடா சொல்ற? அவ எடுத்தான்னு நான் சொன்னேனா? நீ மெசேஜ் போட்டா காலி பண்ணிடறதுக்கு இது உன் ஸ்தோரா? என் வீடு. அவகிட்ட குடு."

துளசி போனை வாங்கினா. ஸ்பீக்கரை நிறுத்தத் தோணல. "அக்கா."

"அழுதியா?"

"இல்லக்கா."

"அவன் முன்னால அழாத. சபா போயிட்டு வீட்டுக்கு எப்ப வர?"

துளசி உடனே பதில் சொல்லல. காலைலேர்ந்து அத்தனை பேருக்கும் டக்கு டக்குன்னு பதில் சொன்னவ.

"புதன்கிழமைக்கா. சாயந்தரம்."

"சரி. மாடி ஜன்னலைத் திறந்து வெக்கிறேன். பூட்டிக் கிடந்தா அறை வேக்காடு அடிக்கும்."