நியூட்ரலில் நின்ற ஜீப்

உச்சி வெயிலில் வயர்காரர் அந்தத் தகரக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார். வண்டிகளுக்கு வயர் வேலை பார்த்தே தலை நரைத்தவர். உள்ளே, இரும்புக் கதவுக்கு முகம் காட்டி நின்றது பழைய டீசல் ஜீப். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் பன்னெண்டேகாலுக்கு, அந்தக் கதவுக்கும் பம்பருக்கும் நடுவே நசுங்கித்தான் அவருடைய கூட்டாளி செத்தான். இப்போது கூப்பிட்டு அனுப்பியது கூட்டாளியின் பெண்டாட்டி. வராவிட்டால் சந்தேகப்படுவாள். அதனால் வந்தார்.

“சாவி போடாமலே செல்ஃப் அடிக்குது,” என்றாள். உட்காரக்கூடச் சொல்லவில்லை. தாகமாக இருந்தும் அவர் தண்ணீர் கேட்கவில்லை. அவள் கையால் எதையும் வாங்கிக் குடிக்கத் துணிச்சல் இல்லை.

“எலி வயரைக் கடிச்சிருக்கும்.”

“எலி தினமும் பன்னெண்டேகாலுக்கா வந்து கடிக்கும்?”

அவர் முதலில் கியரை ஆட்டிப் பார்த்தார். நியூட்ரல். பானெட்டைத் தூக்கினார். அடைந்து கிடந்த ஆயில் நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. சாவியிலிருந்து, இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாருக்குப் போகும் மெல்லிய வயர் தோலுரிந்து, பக்கத்துப் பேட்டரி வயரோடு உரசிக்கொண்டிருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது.

“இதுக்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டமா!”

அந்த வயரைக் கழற்றி ஓரமாக மடக்கினார்.

செல்ஃப் அடித்தது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மோட்டார் ஸ்விட்சுக்குள் தகடு ஒட்டிப் போயிருக்கும், பழைய வண்டியில் நடக்கிறதுதான் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு, பேட்டரியையே கழற்றி வெளியே கொண்டுபோய் வைத்தார்.

மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை மெதுவாக, நெஞ்சுச் சளியோடு இருமுகிறவன் மாதிரி.

வியர்வை கண்ணில் இறங்க, போல்ட்டுகளைக் கழற்றி மோட்டாரைப் பிடுங்கித் தரையில் போட்டார். ஒரு வயரும் இல்லாமல் கிடந்த அதிலிருந்து பல்சக்கரம் துருத்திக்கொண்டு வெளியே வந்தது.

சுற்றியது.

“அன்னைக்கு என்ன நடந்துச்சு?” வாசலில் நின்றவள் மெல்லக் கேட்டாள்.

“எத்தனை தடவைம்மா சொல்றது? ஸ்க்ரூடிரைவரை வச்சு நேரா செல்ஃப் அடிச்சான். கியர்ல கிடந்ததை அவன்தான் பாக்கல, வண்டி முன்னால பாஞ்சிருச்சு.”

மோட்டார் அலறியது. கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது.

“கேக்குறது நான் இல்லண்ணே.”

அவர் தரையில் கிடந்த மோட்டாரைப் பார்த்துக் கத்தினார்.

“நியூட்ரலான்னு கேட்டான். ஆமான்னேன். நான் பாக்கல... பாக்காமலே சொல்லிட்டேன். போதுமா!”

சத்தம் நின்றது.

மோட்டார் வெறும் இரும்பாகக் கிடந்தது. விட்டால் போதும் என்று பையைத் தூக்கிக்கொண்டு, பம்பரைச் சுற்றி வாசலுக்கு ஓடினார். அவள் அதற்குள் வெளியே போயிருந்தாள். இரும்புக் கதவு அவர் மூக்குக்கு நேரே சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

“ஏம்மா! தங்கச்சி! திறம்மா!”

“இனி நீங்களாச்சு, அவராச்சு.”

முதுகுக்குப் பின்னால், பேட்டரி இல்லாத, செல்ஃப் மோட்டார் இல்லாத அந்த ஜீப் ஸ்டார்ட் ஆனது.

திரும்பிப் பார்த்தார். பம்பர் அவர் முழங்காலுக்கு ஓரடி தள்ளி நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் சீட் காலியாகத்தான் இருந்தது.

கிளட்ச் மிதி கிரீச்சிட்டபடி, அவசரமே இல்லாமல், கீழே இறங்கும் சத்தம் கேட்டது.