இரண்டு நிமிடம் முன்னால் எழுப்பவும்

"இதைச் செஞ்சவன் ஜென்மத்துல ஒரு பஸ்ல ஏறியிருக்க மாட்டான்!"

அவன் அப்படிக் கத்தியபோது, அதைச் செய்தவள் அவனுக்குப் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். அதுவும் அவன் மிதித்த காலைத் தடவிக்கொண்டு...

எல்லாம் அந்த மழையால் வந்த வினை. பதினைந்து உதை உதைத்தும் ஸ்கூட்டர் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. நனைந்த குடையும் கொதிக்கிற மண்டையுமாக அவள் பஸ்ஸில் ஏறினாள். இருந்ததோ ஒரே ஒரு காலி இடம். அதன் ஜன்னலோரத்தில் ஒருவன், வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். புருவத்தில் மாவு. காதோரத்தில் மாவு. சட்டையில் சூடான ரொட்டி வாசனை. விடியும் முன்பே அடுப்பின் முன் நின்றுவிட்டு, ஊர் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் வீட்டுக்குத் திரும்பும் பேக்கரிக்காரன் என்று பார்த்ததுமே தெரிந்தது.

அவன் கையிலிருந்த போனை அவள் தற்செயலாகத்தான் பார்த்தாள். பார்த்ததும் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. அட... அவளுடைய டயல்!

பஸ்ஸில் தூங்குகிறவர்களை, இறங்கும் இடம் வருவதற்கு முன்னால் எழுப்பிவிடும் செயலி அது. எத்தனை நிமிடம் முன்னால் எழுப்ப வேண்டும் என்று சொல்ல, செட்டிங்ஸ் பக்கத்தில் ஒரு வட்டம். விரலை வைத்துச் சுழற்ற வேண்டும். போனோடு ரெடிமேடாக வரும் பட்டன்களெல்லாம் சப்பென்று இருக்கின்றன என்று தள்ளிவிட்டு, ஒவ்வொரு கோட்டையும் தானே வரைந்து, விரல் போகிற பக்கமெல்லாம் திரும்ப அதற்குக் கற்றுக்கொடுத்து, மூன்று மாதம் உயிரைக் கொடுத்து அவள் செய்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா? முன்பின் தெரியாத ஒருவன் கையில் அதைப் பார்ப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

அந்த ஆனந்தம் அரை நிமிடம் நீடித்திருந்தால் பெரிய விஷயம். பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. நேரம் வைத்துக்கொண்டே தூங்கிப் போனவனின் கட்டைவிரல் வழுக்கியது. வட்டம் இரண்டிலிருந்து நாற்பதுக்கு ஓடியது. நாற்பது நிமிடத்துக்குள் வருகிற இடம்தானே அவனுடையது? போன் உடனே தொண்டை கிழியக் கூவ ஆரம்பித்துவிட்டது. பஸ்ஸே திரும்பிப் பார்க்க, அவன் அலறியடித்து எழுந்து, அவள் காலை நச்சென்று மிதித்து, படிக்கட்டு வரைக்கும் ஓடிவிட்டான்.

"எங்க சார் ஓடுறீங்க? நீங்க இறங்குற தண்ணித்தொட்டிக்கு இன்னும் அஞ்சு ஸ்டாப் இருக்கு" என்றார் கண்டக்டர்.

திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் அந்த வசனம். அதற்கப்புறம்தான் அவள் காலையே கவனித்தான்.

"ஐயோ, மிதிச்சிட்டேனா? வலிக்குதா?"

"இல்லை, சுகமா இருக்கு!"

அவன் சிரித்துவிட்டான். அடுப்பு வெக்கையிலும் தூக்கக் கலக்கத்திலும் சிவந்த கண்கள்... அந்தச் சிவப்பையும் மீறி அவை சிரித்தன. புருவத்து மாவு கொஞ்சம் உதிர்ந்தது. இது எதையும் கவனிக்கிற மனநிலையில் தான் இல்லை என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

"வட்டம் அழகாத்தானே இருக்கு?" என்றாள், விட்டுக்கொடுக்காமல்.

"அழகா இருந்தா போட்டோ பிடிச்சு மாட்டிக்கலாம். ஒரு கையில கம்பி, ஒரு கையில போன். கட்டைவிரலால வட்டம் போடுன்னா எப்படிங்க போடுறது? கூட்ட ஒரு பட்டன், குறைக்க ஒரு பட்டன். முடிஞ்சது சோலி!"

'நான்தான் செஞ்சேன்' என்பது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டாள். அவள் அந்த டயலைச் சோதித்துப் பார்த்ததெல்லாம் ஆபீஸ் மேஜையில், போனை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆடாத நாற்காலியில் உட்கார்ந்து. அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை வெளியான புதுப் பதிப்பில், அழுத்திப் பிடித்தால்தான் வட்டம் அசையும்படி மாற்றினாள். ஸ்கூட்டர் மூன்றே நாளில் சரியாகி வந்துவிட்டது. ஆனால் அவள் பஸ்ஸில்தான் போனாள். அவனும் தினமும் பக்கத்து இடத்தில் தன் பையை வைத்துக் காத்திருந்தான். அவள் வந்ததும் பையை எடுத்துக்கொண்டு குறை சொல்ல ஆரம்பித்துவிடுவான்.

"அழுத்தினா அசையுது, சரி. ஆனா இந்தச் சிவப்பு... கண்ணைக் குத்துதுங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை நீலமாக்கினாள்.

"நீலம் வெயில்ல தெரியவே மாட்டேங்குது."

என்ன வெயில்? ஒரு மாதமாக ஊரே மழையில் ஊறிக்கொண்டிருந்தது! பல்லைக் கடித்துக்கொண்டு பச்சையாக்கினாள்.

வீட்டில் அக்காவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

"ஸ்கூட்டர் வாசல்ல துருப்பிடிக்குது. பஸ்ல என்னடி வெச்சிருக்கே?"

"ஆபீஸ் வேலை, அக்கா. ஆராய்ச்சி."

"ஆராய்ச்சிக்கு எதுக்குடி புதுக் கம்மல்? ஹேண்ட்பேக்ல ஏதுடி மாவு? யாரு அந்த மைதா மாப்பிள்ளை?"

"அக்கா, வாயை மூடு!"

நாலாவது வாரம்தான் அது நடந்தது. அன்று அவன் கண் எரிகிற களைப்பில் இருந்தான். அவளுக்கோ அது ஆபீஸில் வாங்கிக் கட்டிக்கொண்ட மறுநாள். பச்சை வட்டத்தைப் பார்த்து அவன் பெருமூச்சு விட்டான்.

"எத்தனை சாயம் அடிச்சாலும் வட்டம் வட்டம்தான். செஞ்சவனுக்குத் தலைக்கனம்ங்க. தப்புன்னு தெரிஞ்சும் விட மனசில்லை."

"செஞ்சவன் இல்லை, செஞ்சவ!" வெடித்துவிட்டாள். "நான்தான் செஞ்சேன்! மூணு மாசம்! நீங்க சொன்னதுக்கெல்லாம் ராப்பகலா மாத்தினதும் நான்தான்!"

நுணலும் தன் வாயால் கெடும். அவன் முகத்தில் ஈயாடவில்லை. அவன் கோபித்துக் கத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகக் கேட்டான்.

"அப்போ... இத்தனை நாளா எங்கிட்ட பேசினதெல்லாம்... ஆபீஸ் வேலைக்கா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தைதான். ஆனால் 'தலைக்கனம்' என்ற சொல் இன்னும் காதில் எரிந்துகொண்டிருந்ததே!

"ஆமா, வேலைக்குத்தான். ஆராய்ச்சிக்கு. வேற எதுக்குன்னு நெனச்சீங்க?"

அவன் தலையாட்டினான். பையை எடுத்துக்கொண்டு, தன் இடமே இல்லாத ஒரு ஸ்டாப்பில், கொட்டுகிற மழையில் இறங்கிப் போனான். குடைகூட இல்லை. பாவி, குடையை வாங்கிக்கொண்டாவது போயிருக்கலாம்.

மறுநாள் ஜன்னலோரத்தில் வேறு யாரோ. அதற்கு மறுநாளும். ஒரு மாதம் பேசியும் பேரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, போன் நம்பரும் இல்லை. புத்திசாலி! அவள் அன்று கம்பியைப் பிடித்து நின்றபடி, தன் டயலைத் தானே ஒரு கையால் சுழற்றிப் பார்த்தாள். ஐந்து வைக்கப் போனால் இருபத்திமூன்று வந்தது. மறுபடி முயன்றால் ஐம்பது. அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

ஆபீஸுக்குப் போனதும் மேனேஜரிடம், வட்டத்தை எடுக்கப் போகிறேன் என்றாள்.

"விளையாடுறியாம்மா? விளம்பரம் முழுக்க அந்த வட்டம்தானே?"

"சார், நீங்க கடைசியா எப்ப பஸ்ல ஏறினீங்க? ஒரே ஒரு தடவை நின்னுக்கிட்டுப் போயி, ஒரு கையால ரெண்டு நிமிஷம் வெச்சுக் காட்டுங்க. விட்டுடறேன்."

வீம்புக்குப் போன மனிதர், இரண்டு மணி நேரம் கழித்துத் தொப்பலாக நனைந்து வந்தார்.

"ரெண்டு வைக்கறதுக்குள்ள டிப்போ வரைக்கும் போயிட்டேன்... எடுத்துடும்மா."

மூன்று மாதம் கட்டியதை எடுக்க ஒரு மணி நேரம்தான் ஆனது. அந்த இடத்தில் பெரிதாக இரண்டு பட்டன்: ஒரு கூட்டல், ஒரு கழித்தல். பார்க்க ஒன்றுமே இல்லை. ஆனால் ஆடுகிற பஸ்ஸில், ஒற்றைக் கட்டைவிரலுக்கு அது சொன்னபடி கேட்டது. இதைக் காட்டத்தான் அவன் இல்லை.

கடைசியில் வெட்கத்தை விட்டுக் கண்டக்டரிடமே கேட்டாள்.

"மாவு சாரா? அவர் இப்பல்லாம் முந்தின வண்டில போறாரும்மா. போன்ல இருந்த அலாரத்தை அழிச்சிட்டாராம். தினமும் தூங்கி டிப்போ வரைக்கும் போயி, அங்கேர்ந்து நடந்து வர்றார். என்ன வேண்டுதலோ!"

மறுநாள் அவள் முந்தின வண்டியில் ஏறினாள். இருந்தான். அதே ஜன்னலோரம், அதே திறந்த வாய். கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்டாப்புகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். எழுப்பியதும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? இன்றைக்கு விட்டால் இன்னொரு தடவை இப்படி வந்து உட்கார அவளுக்குத் தைரியம் வராது.

சட்டைக் கையைத் தொட்டாள்.

"ஏங்க... உங்க ஸ்டாப் வருது. இன்னும் ரெண்டு நிமிஷம்."

கண் விழித்தவன் அவளைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஆராய்ச்சி இன்னும் முடியலையா?"

"முடிஞ்சிடுச்சு. வட்டத்தை எடுத்துட்டேன். பாருங்க."

போனை நீட்டினாள். அவன் இரண்டு பட்டனையும் ஒருமுறை அழுத்திப் பார்த்தான்.

"நல்லா இருக்கு. சந்தோஷம்." எழுந்தான். "வழி விடுறீங்களா?"

வழி விட்டாள். அவன் படிக்கட்டை நோக்கி நடந்தான். ஒரு நிமிடம்தான் பாக்கி...

"ஸ்கூட்டர் சரியாயி ஒரு மாசம் ஆச்சு!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவனும் திரும்பினான்.

"என்னது?"

"என் ஸ்கூட்டர்! மூணே நாள்ல சரியாயிடுச்சு! வேலைக்குன்னா பத்து பேர்கிட்ட கேட்டிருப்பேன். நான் ஒருத்தர்கிட்டதான் கேட்டேன். அன்னிக்குச் சொன்னது பொய், வீம்புக்குச் சொன்னது. உங்களைப் பார்க்கத்தான் பஸ்ல வந்தேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு... போதுமா? காலை வேற மிதிச்சிட்டு, பேச்சைப் பாரு!"

"தண்ணித்தொட்டி! இறங்குறவங்க இறங்குங்க!" கண்டக்டர் குரல் கொடுத்தார்.

அவன் இறங்கவில்லை. வண்டி கிளம்பியது. அவன் மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஸ்டாப் போயிடுச்சே" என்றாள்.

"போகட்டும். நானும் ஒண்ணு சொல்லணும்... திட்டக் கூடாது."

"சொல்லுங்க."

"சிவப்பு கண்ணைக் குத்துதுன்னு சொன்னேனே... அது குத்தலை."

அவள் கண்கள் விரிந்தன.

"நீலமும்... நல்லாத்தான் தெரிஞ்சுது."

"அப்போ எதுக்குய்யா மாத்தச் சொன்னீங்க!"

"செஞ்சது நீங்கன்னு எனக்கென்ன தெரியும்? குறை சொன்னாத்தான் நீங்க கண்ணை உருட்டிக்கிட்டுச் சண்டைக்கு வருவீங்க. நல்லா இருக்குன்னு சொன்னா பேச்சு அதோட முடிஞ்சிடுமே... நீங்க வந்த ரெண்டாம் நாள்லேர்ந்து நான் அலாரமே வைக்கலைங்க. நீங்க பக்கத்துல இருந்தா தூக்கம் எங்கேர்ந்து வரும்?"

"ரெண்டு வெள்ளிக்கிழமை! சோறு தண்ணி இல்லாம உக்காந்து மாத்தினேன்!" ஹேண்ட்பேக்கால் அவன் தோளில் ஒன்று வைத்தாள். மாவு பறந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, சிரிப்பும் கூடவே வந்து தொலைத்தது.

அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். வெக்கை ஏறிய, காய்த்துப் போன கை அவனுடையது. ஆனால் பிடி மெதுவாக இருந்தது.

"பிடிச்சிருக்கு. முதல் நாள் 'சுகமா இருக்கு'ன்னு சீறினீங்களே, அப்பவே பிடிச்சிடுச்சு." கொஞ்சம் தயங்கினான். "ஆனா அந்த வட்டம்... அது மட்டும் நிஜமாவே பிடிக்கலைங்க."