கையைத் தூக்கினால் போதும்

கார் ஓட்டக் கற்றுத்தரும் வாத்தியாருக்கு உலகத்தில் இரண்டே பயம். ஒன்று, தன் கால் எட்டும் இடத்தில் பிரேக் இல்லாத வண்டி. மற்றொன்று, பல் டாக்டர். கன்னம் பன் மாதிரி உப்பிய பிறகுதான் மனைவியால் அவரைத் தரதரவென்று இழுத்துவர முடிந்தது.

பழைய கட்டடம். மாடிப்படி முழுக்கக் கிராம்பு எண்ணெய் வாசனை. அதற்கு அடியில், வெகுநாள் பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறந்தாற்போல் இன்னொன்று.

பயப்படுகிறவர்களுக்கு மூன்று வழி உண்டு என்றார் டாக்டர். முன்கூட்டியே விழுங்கும் மாத்திரை. அதற்கு இனி நேரமில்லை. நரம்பில் ஏற்றும் ஊசி. அரைத்தூக்கம், நடந்தது பெரும்பாலும் ஞாபகம் இருக்காது. மூக்கில் வைக்கும் வாயு. விழித்தே இருக்கலாம், கவலை மட்டும் கழன்றுவிடும்.

"ஊசியே போட்டுக்கோங்களேன். முழிச்சுப் பாத்தா பல்லு போயிருக்கும்" என்றாள் மனைவி.

"தூங்கிட்டா யாரு நிறுத்தச் சொல்றது?"

"பாருங்க டாக்டர். கட்டிக்கிட்ட நாள்லேருந்து வண்டிச் சாவியக் கண்ணுல காட்டினதில்ல இவரு."

வாயு முடிவானது. வலித்தால் இடது கையைத் தூக்கினால் போதும், அந்த நொடியே நிறுத்திவிடுவதாக டாக்டர் வாக்குக் கொடுத்தார். வாத்தியாருக்கு மனம் குளிர்ந்தது. பிரேக் கிடைத்துவிட்டது.

நாற்காலியின் இடது கைப்பிடியில் மட்டும் உறை நைந்து பஞ்சு தெரிந்தது. அதை அவர் கவனித்தபோது குழாய் மூக்கில் ஏறியிருந்தது. இனிப்பான காற்று. உடம்பு யாருடையதோ போல மிதந்தது. ஈறு மரத்துப்போக ஓர் ஊசி. பிறகு குறடு.

மரத்துப்போகவில்லை.

இடது கையைத் தூக்கினார்.

யாரோ அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

குளிர்ந்த கை. விரலோடு விரல் கோத்து, ஆறுதலாக. நர்ஸ் நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டு மறுபடி தூக்கப் பார்த்தார். பிடி இறுகியது. ஒரு கட்டைவிரல் அவர் புறங்கையைத் தடவிக்கொடுத்தது, குழந்தையைத் தூங்கவைப்பது போல.

கண்ணைத் திருப்பினார். நர்ஸ் வலப்பக்கம் நின்றாள்; ஒரு கையில் எச்சில் உறிஞ்சும் குழாய், மறு கை அவர் கன்னத்தில். டாக்டரின் இரண்டு கைகளும் அவர் வாய்க்குள்.

இடப்பக்கம் சுவர்தான் இருந்தது.

வலது கையை உயர்த்தினார். நர்ஸ் அதைப் பதமாக இறக்கி வைத்தாள். "அது வேணாம் சார், தட்டு கவுந்துடும். வலிச்சா இடது கையத் தூக்குங்க."

வாத்தியாரின் கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது. மிதித்துக்கொண்டே இருந்தது.

பல் வந்தது.

"ஒரு தடவகூட இடது கையத் தூக்கல, தங்கமான பேஷண்ட்" என்று டாக்டர் கையுறையை உருவினார். பிறகு கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்: "இந்த நாற்காலில யாருமே தூக்கினதில்ல."

வாயு வாங்கியவர் வண்டி ஓட்டக்கூடாதாம். சாவி மனைவி கைக்குப் போனது. அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார், வாயில் பஞ்சு, வலது கையால் கன்னத்தில் ஐஸ். இது வீட்டு வண்டி; அந்தப் பக்கம் பிரேக் கிடையாது. அவள் கதவைச் சாத்தி, கண்ணாடியைத் திருத்தி, வருஷக்கணக்கான ஆசையோடு ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள்.

"வாயத் திறக்காதீங்க, ரத்தம் வரும். வேகமாப் போறேன்னு தோணினா கையத் தூக்குங்க, போதும்."

முன்னால் சிவப்பு விளக்கு விழுந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

வாத்தியார் மடியைக் குனிந்து பார்த்தார். இடது கையின் விரல்கள் விரிந்திருந்தன, இடையிடையே வேறு விரல்களுக்கு இடம் விட்டு.

புறங்கையை ஒரு குளிர்ந்த கட்டைவிரல் மெதுவாகத் தடவ ஆரம்பித்தது.