அருகில் இருக்கிறேன்

குமணன்சாவடியில் பேருந்தை விட்டு இறங்கி, கறிக்கடைக்குப் பின்னால் போகும் சந்தில் ஐந்து நிமிடம் நடந்தால் நான் வேலை செய்யும் முதியோர் இல்லம் வரும். பழைய பங்களா. வெளியே புது பெயிண்ட், உள்ளே எப்போதும் பினாயிலும் குழைந்த சோறும் கலந்த வாசனை. அங்கே இருந்த நாகவல்லி அம்மா இறந்த பன்னிரண்டாம் நாளும் வழக்கம்போலக் காலை ஏழு மணிக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இடது கையில் பை இருந்தது. அதன் கனம் தெரியவில்லை. குனிந்து பார்த்துத்தான் பை இருப்பதை உறுதி செய்துகொண்டேன்.

அந்த மெஷினைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் உங்களால் என்னைத் திட்டக்கூட முடியாது.

போன வருஷம் எங்கள் மேனேஜர் ஃபெலிக்ஸ் சார் அறைக்கு அறை கூரையில் கேமரா மாட்டினார். வயதானவர்கள் விழுவதற்கு முன்பே கண்டுபிடிக்கும் ஏஐ என்றார். ஆபீஸ் திரையில் யாருடைய முகமும் தெரியாது. குழந்தைகள் சிலேட்டில் வரையும் மனிதர்களைப் போல வெறும் கோடுகள்தான். ஆனால் ஒவ்வொருவர் நடையையும் அது படித்து வைத்திருந்ததால் தலைக்கு மேல் பெயரைப் போட்டுவிடும். யாராவது கட்டிலிலிருந்து எழ முயன்றால் எங்கள் போன் அதிரும். முப்பது விநாடிக்குள் போய் அவரைப் பிடித்துக்கொண்டு, 'அருகில் இருக்கிறேன்' என்ற பச்சை பட்டனை அமுக்க வேண்டும். படங்களை அது சேமிப்பதில்லை. யார் எப்போது பட்டனை அமுக்கினார்கள் என்பது மட்டும் நிற்கும். சாயங்காலமானால் பிள்ளைகளுக்குச் செய்தி போய்விடும்: அம்மா இன்று இத்தனை அடி நடந்தார், உதவியாளர் இத்தனை முறை அருகில் இருந்தார்.

நல்ல மெஷின்தான், குறை சொல்ல மாட்டேன். போர்வை விலகினாலும் அதிரும். ஃபேன் காற்றில் திரைச்சீலை ஆடினாலும் அதிரும். பெரியவர்கள் இருபத்திரண்டு பேர், நாங்கள் மூன்று பேர். புலி வருது கதைதான். ஒரே மாதத்தில் எல்லோரும் ஒரு வழி கண்டுபிடித்தோம்: எங்கே இருந்தாலும் முதலில் பட்டனை அமுக்குவது, கைவேலை முடிந்ததும் போய்ப் பார்ப்பது. எல்லோரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். அப்படிச் சொன்னால் பாவம் பாதியாகிவிடுமா என்ன?

நாகவல்லி அம்மா விழுந்த அன்று காலை சமையலறையில் தட்டுகளில் பொங்கல் போட்டுக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. நாகவல்லி எழ முயல்கிறார். கரண்டியைக் கீழே வைக்காமல் கட்டைவிரலால் அமுக்கினேன். இன்னும் நான்கு தட்டு போட்டேன். போய்ப் பார்த்தபோது பாத்ரூம் வாசற்படியில் கிடந்தார். கண் திறந்திருந்தது. வலது கை மட்டும், தூக்கிவிடச் சொல்வதுபோல, மேலே நீண்டிருந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

"நீ பக்கத்துல இருந்தேன்னுதான் மெஷின்ல பதிவாயிருக்கு மேரி. அதையே சொல்லிடு" என்றார் ஃபெலிக்ஸ் சார். "இல்லைன்னா இல்லத்தை இழுத்து மூட வேண்டியதுதான்."

மகள் அருள்மொழி முகப்பேரில் பள்ளிக்கூட டீச்சர். ஒரே மகள். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. "விழுறப்போ அம்மா கூட யாராவது இருந்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"நான்தான் டீச்சர் இருந்தேன். கையைப் புடிச்சிகினேதான் இருந்தேன். அப்பவும் வழுக்கிட்டாங்க."

"எந்தக் கை?"

வலது கையில் ஏதோ பாத்திரம் இருந்தது. இடது கையை நீட்டினேன். அவர் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்தக் கை மரத்துப்போனது. கை மட்டுமா? சாப்பாடு ருசிக்கவில்லை, அழுகை வரவில்லை. பூசைக்குப் போய் முழங்காலிட்டால் ஜெபம் வாயோடு நின்றுவிட்டது. சகாயமேரி என்று யாராவது கூப்பிட்டால் அது வேறு யாரோ என்பதுபோல இருந்தது.

அந்தப் பன்னிரண்டாம் நாள், கூட வேலை செய்யும் பேபி ஆபீஸ் அறையிலிருந்து கூப்பிட்டாள்.

"யக்கா, இங்க வா. நீ தனியாத்தான வராண்டால நடந்த?"

"ஆமா. ஏன்?"

"அப்ப உன் பக்கத்துல யாரு கீறாங்கோ?"

ஆபீஸ் அறைக்கும் கேமரா உண்டு. திரையில் நாங்கள் நின்றோம். பேபி, கோடுகளாக. நான், கோடுகளாக.

என் இடது பக்கம் இன்னொருவர்.

கூன் விழுந்த முதுகு. அந்த உருவத்தின் வலது கை என் இடது கைக்குள் இருந்தது. தலைக்கு மேல் நாகவல்லி என்று எழுதியிருந்தது. கீழே, 'உதவியாளர் அருகில்'.

கையை உதறினேன். திரையில் இரண்டு கைகளும் சேர்ந்து உதறின.

விடவில்லை.

ஃபெலிக்ஸ் சார் கம்பெனிக்குப் போன் போட்டார். பழைய பதிவு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அழித்துவிட்டோம் என்றார்கள். மதியம் அந்த உருவம் திரும்ப வந்தது. மூன்று முறை அழித்தார்கள். நான்காம் முறை சார் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, வெளியே சொல்லாதே, பெரியவர்கள் பயப்படுவார்கள் என்றார். அவர்கள் யாரும் பயந்த மாதிரி தெரியவில்லை. மூன்றாம் அறை அப்பாவு ஐயா மட்டும், நான் மாத்திரை கொடுக்கப் போனபோது, "அவங்களையும் உக்காரச் சொல்லும்மா" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் அருள்மொழி டீச்சர் போன் செய்தார்.

"அம்மா பத்தின மெசேஜ் இன்னும் தினமும் வருதுங்க."

"நிறுத்தச் சொல்றேன் டீச்சர்."

"வேணாம். நிறுத்தாதீங்க." "நேத்து ஆறாயிரத்து இருநூறு அடி நடந்திருக்காங்களாம். உயிரோட இருந்தப்போ இருநூறைத் தாண்டினதில்ல."

நேற்று பஸ் கிடைக்காமல் பாதி தூரம் நடந்தேதான் திருமழிசையில் இருக்கும் என் வீட்டுக்குப் போனேன். அந்தச் சாலையில் எங்கள் இல்லத்துக் கேமரா எதுவும் கிடையாது.

"உதவியாளர் இருபத்திநாலு மணி நேரமும் அருகில்னு வருது" என்றார் டீச்சர். "எனக்கு அது போதும்ங்க. அதப் படிச்சிட்டுத்தான் சாப்பிடறேன்."

அந்த வார்த்தை குத்தியது. இத்தனை நாளில் எனக்கு உறைத்த ஒரே விஷயம் அதுதான். இந்தப் பொய்யைத் தின்றுதான் அந்தப் பொண்ணு உயிரோடு இருக்கிறாள் என்றால், நான் செத்தாலும் எனக்குக் கதி இல்லை என்று தோன்றியது.

மறுநாள் பூசை முடிந்ததும் முகப்பேருக்குப் பஸ் ஏறினேன். கூட்டம். ஆனால் என் பக்கத்து சீட்டில் கடைசிவரை யாரும் உட்காரவில்லை. ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இரண்டாம் மாடி. ஏற ரொம்ப நேரமானது. ஒவ்வொரு படியிலும் இடது தோள் கீழே இழுத்தது. நடுவில் நின்று, "மெதுவா" என்று நானே சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

டீச்சர் வீட்டில் தனியாக இருந்தார். உட்காரச் சொன்னார். உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டேன்.

"நான் பக்கத்துல இல்ல டீச்சர். பொங்கல் போட்டுகினு இருந்தேன். பட்டனை மட்டும் அமுக்குனேன். கையைப் புடிக்கல. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். கீழ்வீட்டில் மிக்சி ஓடி நின்றது.

அப்போது என் இடது கையில் எறும்பு ஊர்வதுபோல உணர்வு திரும்பியது. சுண்டுவிரல். மோதிரவிரல். ஒவ்வொரு விரலாக யாரோ பிடியைத் தளர்த்தினார்கள்.

கை லேசாகிவிட்டது.

டீபாய் மேல் டீச்சரின் போன் அதிர்ந்தது. படித்துவிட்டு என் பக்கம் திருப்பினார்.

நாகவல்லி எழ முயல்கிறார். உதவியாளர் அருகில் இல்லை.

முப்பது. இருபத்தொன்பது. எண்கள் இறங்கின. அவருடைய போனில் பச்சை பட்டன் கிடையாது; என் போன் அதிரவே இல்லை.

நான் அசையவில்லை.

பதினொன்று.

உள்ளே, நடைக்கு அந்தப் பக்கம், பாத்ரூம் கதவு முனகியது. வழுவழுப்பான தரையில் ஒரு பாதம் தேய்ந்தது.

பிறகு அந்தச் சத்தம். பெரிய சத்தமெல்லாம் இல்லை. அரிசி மூட்டையைத் தரையில் போட்ட மாதிரி, ஒரே ஒரு முறை.

டீச்சர் எழுந்திருக்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன.

"போங்க" என்றார். "இப்பவாச்சும் போங்க."

ஓடினேன்.

யாரும் இல்லை. காய்ந்த தரை, வாளி, கவிழ்த்து வைத்த சொம்பு. வாசற்படியில் முழங்காலிட்டு, தரைக்கு ஒரு சாண் மேலே கையை நீட்டினேன்.

ஒரு கை அதைப் பற்றியது.

ஈரமான கை. நகங்கள் வளர்ந்திருந்தன. இன்னொரு கையை அக்குளுக்குக் கீழே கொடுத்து, இல்லத்தில் தூக்குவதுபோல, ஒன்று, இரண்டு, மூன்று சொல்லித் தூக்கினேன். நல்ல கனம். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. ஓவென்று அழுதேன்.

டீச்சர் நடையின் முனையில் வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பக்கத்தில், கொஞ்சம் தாழ்வாக, பார்த்தார்.

"தலையில அடி பட்டிருக்கா பாருங்க" என்றார் மெல்ல.

தடவிப் பார்த்தேன். பட்டிருந்தது.