மேற்குப் பக்கத்துக் கதவு

சோதனைப் புகைக்கு வாசனை என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. ஏதோ ஒரு திரவத்தைச் சூடாக்கி வெள்ளை வெள்ளையாக ஊதுகிற சின்ன யந்திரம், அவ்வளவுதான். பதினோரு வருடமாக அதைத் தூக்கிக்கொண்டு கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கியவளுக்கு இது தெரியாதா என்ன? அதனால்தான் அன்று மதியம், அந்தப் புதுத் தொழிற்சாலையின் நடுக்கூடத்தில் முடி கருகும் வாடை மூக்கில் ஏறியதும், தீயணைப்புத் துறை ஆய்வாளரான அவள் முதலில் தன் பின்னலைத்தான் தொட்டுப் பார்த்தாள்.

பின்னல் பத்திரமாக இருந்தது.

துறையில் அவளுக்கு 'டேப் மேடம்' என்று பெயர். காட்டுத்தீ வரக்கூடிய இடத்தில் தொழிற்சாலை கட்டினால் சுவரைச் சுற்றி முப்பது மீட்டருக்குக் காய்ந்த புல் இருக்கக் கூடாது. காற்றுத் துவாரங்களில் தீப்பொறி நுழையாத பொடிக்கண் வலை இருக்க வேண்டும். கதவுகள் உள்ளிருந்து தள்ளிய மாத்திரத்தில் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். மற்றவர்கள் நின்ற இடத்திலிருந்தே பார்த்து டிக் அடிப்பார்கள். அவள் மண்டி போட்டு டேப் பிடிப்பாள். அன்று உள்வேலையை முடித்துவிட்டு வெளியே அளக்கலாம் என்று வைத்திருந்தாள்.

ஷட்டர்களை எல்லாம் இறக்கிவிட்டு, புகையைக் கூடம் முழுக்க நிரப்பி, கூரையின் புகைபோக்கிகள் தாமாகத் திறக்கின்றனவா என்று பார்ப்பதுதான் சோதனை. மேலாளரும் எலெக்ட்ரீஷியனும் வெளியே பேனல் அறையில் இருந்தார்கள். உள்ளே அவள் மட்டும். கையில் ஸ்டாப்வாட்ச், தோளில் வாக்கி-டாக்கி. புதுப் பெயின்ட் மணமும் சிமென்ட் குளிர்ச்சியும் போன இடம் தெரியாமல் அந்தக் கருகல் வாடை மட்டும் தங்கி, அதன் அடியில் ரப்பர் உருகுவது போன்ற இன்னொரு வாடையும் சேர்ந்துகொண்டு, புகை அவள் முழங்காலிலிருந்து இடுப்புக்கும் இடுப்பிலிருந்து கழுத்துக்கும் ஏறி, கடைசியில் வெளியேறும் கதவுகளுக்கு மேலே எரிந்த பச்சை விளக்குகள் மட்டும் அழுக்குத் தண்ணீரில் மிதப்பவை போலத் தெரிந்தன.

யாரோ இருமினார்கள்.

அவள் வாக்கி-டாக்கியை அழுத்தினாள். "உள்ளே யாராவது வேலை பாக்குறாங்களா?"

"இல்லயே மேடம்," என்றான் எலெக்ட்ரீஷியன். "நீங்க மட்டும்தான்."

"இருமல் கேக்குதே."

"எக்கோவா இருக்கும் மேடம். காலி கட்டடம்தானே."

அவள் இருமவில்லை. எதிரொலிக்க என்ன இருக்கிறது?

மறுபடியும். இந்த முறை இரண்டு பேர். பிறகு நாலைந்து பேர். சத்தம் தலை உயரத்தில் இல்லை, கீழே இருந்தது. புகை சூழ்ந்தால் தரையோடு தரையாகத் தவழ வேண்டும், நல்ல காற்று அங்கேதான் மிச்சமிருக்கும் என்று அவளே எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். துணி தரையில் உரசும் சத்தம் கேட்டது. உள்ளங்கைகள் சிமென்டில் பதிந்து பதிந்து எழும் சத்தம். எல்லாம் ஒரே திசையில், மேற்குப் பக்கத்துக் கதவை நோக்கி, அவளைக் கடந்து போய்க்கொண்டிருந்தன.

கணுக்காலில் ஏதோ பட்டது. சூடாக.

அப்போதுதான் அந்த இருமல் கேட்டது. முடிகிற இடத்தில் ஒரு மெல்லிய விசில் ஒட்டிக்கொண்டிருக்கும் இருமல். பக்கத்துப் படுக்கையில் பதினாறு வருடம் கேட்ட சத்தம் அது. சின்ன வயதிலிருந்தே இளைப்பு உள்ளவள் அவள் தங்கை. ஒன்றேகால் வருடம் வேலை இல்லாமல் வீட்டில் கிடந்தவளுக்கு இதே தொழிற்சாலையில், பேக்கிங் பிரிவில், இப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. வரும் திங்கட்கிழமை சேர வேண்டும்.

"ஷட்டரைத் திற!" என்று கத்தினாள். "எல்லாத்தையும் திற! இப்பவே!"

ஷட்டர்கள் கடகடவென்று ஏறின. வெயில் உள்ளே விழுந்தது. கூரையில் புகைபோக்கிகள் வாய் பிளந்து புகையை உறிஞ்சிக்கொண்டன. ஒரு நிமிடத்தில் கூடம் துடைத்துவிட்டாற்போல் ஆகிவிட்டது.

ஒருவரும் இல்லை.

மேலாளர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தார். "பாத்தீங்களா மேடம், எவ்வளவு ஸ்பீடா போயிடுச்சு. பாஸ்தானே?"

அவள் வெளியே வந்து, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் நடந்தாள். கிட்டத்தட்ட ஓடினாள். இரண்டு மலை தள்ளி எரிந்துகொண்டிருந்த காட்டின் சாம்பல் வானத்தை மஞ்சளாக்கியிருந்தது. முப்பது மீட்டர் வெற்றுத்தரை இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த புல் இடுப்பளவு நின்றது. டேப்பை இழுக்கவே தேவையில்லை. புல் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. கதவுக்கு முன்னால், சரக்கு ஏற்றுகிற மரப் பேலட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

"இதென்ன சார்?"

பின்னாலேயே வந்த மேலாளர் தலையைச் சொறிந்தார். "ஷெட் இன்னும் ரெடியாகல மேடம். ரெண்டு வாரத்துல எடுத்துடுவோம்."

"எடுத்தப்புறம் வரேன். இப்ப நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவருடைய சிரிப்பு மாறவில்லை. அதில் ஒரு பரிதாபம்கூட இருந்தது. "உங்க மேலதிகாரி காலையிலேயே சர்டிஃபிகேட் குடுத்தாச்சு மேடம். இன்னிக்கு டெஸ்ட் சும்மா ஃபைலுக்குத்தான். உங்களுக்குச் சொல்லலையா? சரி, வெயில்ல நிக்காதீங்க, உள்ளே வாங்க. டீ சொல்றேன்." சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

அவள் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. தங்கையின் எண்ணை அழுத்தினாள்.

"சொல்லுக்கா," என்றது அந்தக் குரல். பின்னால் வீட்டு மிக்ஸி ஓடியது. அவளுக்கு உயிர் வந்தது.

"நீ வீட்லதானே இருக்கே?"

"வேற எங்கே போவேன்? ஏன் இப்படி மூச்சு வாங்குறே?"

"திங்கட்கிழமை வேலைக்குப் போகாதே. சொன்னா கேளு."

"விளையாடுறியா? நாலு இன்டர்வியூ முடிச்சு வாங்கின வேலை இது, அக்கா." தங்கை சிரித்தாள். "டேப் மேடம் அளந்து பாக்கப்போற கட்டடம்னு ஆர்டர் வந்த அன்னிக்கே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அதைவிடப் பாதுகாப்பு வேற எங்கே இருக்கு?"

"இங்க பாரு, நான் சொல்றதை..."

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். முடிகிற இடத்தில் மெல்லிய விசில்.

போனில் தங்கை இருமவில்லை. தங்கை இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் போனைப் புல்லில் போட்டுவிட்டுப் பேலட்டைப் பிடித்து இழுத்தாள். சிராய் உள்ளங்கையில் ஏறியது. மேலே இருந்த ஒன்று சரிந்து விழுந்தது. இன்னொன்று. அடியில் இருந்தவை அசையவில்லை. பச்சை மரம், கல்லாய்க் கனத்தது. யாரையாவது கூப்பிட வாயைத் திறந்தாள். சுற்றிலும் பூச்சிகளின் சத்தம் நின்றிருந்தது.

உள்ளே, கதவின் இரும்புப் பட்டையை யாரோ அழுத்தினார்கள்.

கதவு பேலட்டில் முட்டியது. பின்வாங்கியது. முட்டியது.

"அக்கா," என்றது உள்ளிருந்து.

புல்லில் கிடந்த போனும் "அக்கா? அக்கா, இருக்கியா?" என்றது.

கதவு ஒரு விரற்கடை திறந்து நின்றது. அதற்கு மேல் திறக்காது. இடுக்கு வழியே புகை வந்தது. வெள்ளைப் புகை இல்லை. கறுப்பு.

இடுக்கின் அடியில், தரையோடு தரையாக, நாலு விரல்கள் வெளியே வந்தன. கரிந்த விரல்கள். அவை வெளிக்காற்றைத் தடவித் தடவிப் பார்த்தன. அவற்றுக்கு மேலே இன்னும் நாலு. அதற்கும் மேலே இன்னும் நாலு. கதவின் உயரத்துக்கும்.