நான்கு பித்தளைக் கால்கள்

காலை 9.42. டயாலிசிஸ் வார்டில் ஆறு இயந்திரங்களும் ஒரே நேரத்தில் அலறின.

மேலிருந்து வரும் சுத்திகரித்த தண்ணீர் நின்றுபோயிருந்தது. தலைமை நர்ஸ் பதறவில்லை. பதற நேரமும் இல்லை. ஆறு பேரின் ரத்தத்தையும் பத்திரமாக உடம்புக்குத் திருப்பினார். பாதிச் சிகிச்சையோடு தவித்தவர்களை வேறு மருத்துவமனைக்கு வண்டியேற்றிய பிறகே மாடிப்படி ஏறினார்.

10.35. பம்ப் அறையில் தீய்ந்த வாடை மூக்கைத் துளைத்தது. பம்புகளை இயக்கும் உள்ளங்கையளவு கணினிப் பலகை கருகிக் கிடந்தது. இன்னும் இரண்டு பம்புகளைச் சேர்ப்பதற்காக வாங்கிய விரிவாக்கக் கார்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

அங்கே நின்ற என்ஜினீயர் முடிவே கட்டிவிட்டார். கார்டு பொருத்துவது ஃபிட்டரின் வேலை. மின்சாரத்தை நிறுத்தாமல் சொருகியிருக்கிறார். வேலைநீக்கக் கடிதம் கீழே தயாராகிக்கொண்டிருந்தது.

ஃபிட்டருக்கு 'ஆமை' என்று பட்டப்பெயர். அவர் ஒரு திருகை முடுக்குவதற்குள் காபி ஆறிவிடும் என்பார்கள். இப்போது மூலையில் ஸ்டூலில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"கார்டை நீங்களா போட்டீங்க?" என்றார் நர்ஸ்.

"பன்னெண்டு மணிக்குத்தான் போடறதா இருந்தேன், சிஸ்டர். கடைசிப் பேஷன்ட் இறங்கினப்புறம்."

"ஒன்பதே முக்காலுக்கு எங்க இருந்தீங்க?"

"ஸ்டோர்ல. தனியா."

பலகை இருக்கும் பெட்டிக்குச் சாவி இரண்டு. ஒன்று ஃபிட்டரிடம். மற்றது சுவரோரம் நின்ற பம்ப் ஆபரேட்டரிடம். அவன் ஃபிட்டரின் மனைவிக்குத் தம்பி. இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே ஃபிட்டர்தான். அவன் அப்போது மொட்டைமாடித் தொட்டியைப் பார்க்கப் போயிருந்தானாம். அவனும் தனியாக. பதினோரு மணிக்கு ஆய்வுக்கு வருகிறவர்களுக்குப் புதுப் பம்புகளை ஓட்டிக் காட்டலாம் என்று என்ஜினீயரிடம் வாக்குக் கொடுத்திருந்தவனும் அவனே.

நர்ஸ் கார்டை மெல்ல உருவினார். பலகையில் வரிசையாக நின்ற ஊசிகளில் கடைசி இரண்டு மட்டும் வெளிப்பக்கம் வளைந்திருந்தன. கார்டைத் தாங்கியவை நான்கு வெள்ளைப் பிளாஸ்டிக் கால்கள். கார்டு டப்பாவிலேயே வருபவை, அமுக்கினால் 'டக்'கென்று மாட்டிக்கொள்பவை. ஃபிட்டரின் மேஜையில், ஒரு தகர மூடிக்குள், நான்கு பித்தளைக் கால்கள் திருகுகளோடு பளபளத்தன. பக்கத்தில் அவர் கைப்பட எழுதிய சீட்டு. கார்டில் முன்கூட்டியே செய்யவேண்டிய 'முகவரி ஜம்பர் வைத்தாச்சு' என்பதற்கு எதிரே டிக். 'கரண்ட் நிறுத்தம்' என்பதற்கு எதிரே ஒன்றுமில்லை.

10.50. நர்ஸுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. வார்டின் அழைப்புமணிப் பலகையில் போன மாதம் ஃபிட்டர் இதேபோல் ஒரு கார்டு பொருத்தியதை நர்ஸ் கூடவே நின்று பார்த்திருந்தார். ஃபிட்டர் முதலில் நான்கு பித்தளைக் கால்களையும் நட்டு முடுக்கினார். பிறகுதான் கார்டை இறக்கினார்.

மேஜையிலிருந்த பித்தளைக் கால்களை இப்போது கருகிய பலகையில் நட்டுவிட்டு, கார்டை ஒரு வரிசை தள்ளிச் சொருகச் சொன்னார் நர்ஸ். என்ஜினீயர் அழுத்திப் பார்த்தார். கார்டின் ஓட்டைகள் கால்களோடு சேரவில்லை. கார்டு இறங்க மறுத்தது.

"கால் நட்டிருந்தா கார்டு தள்ளி உட்காராது, சார். ஆனா உட்கார்ந்திருக்கு. அதான் அந்த ரெண்டு ஊசியும் வெளியே மாட்டி வளைஞ்சிருக்கு, கரண்ட் தப்பான ஊசியில பாஞ்சு பலகையும் கருகியிருக்கு. முதல்ல கால் இல்லாமலே சொருகியிருக்காங்க. கருகினதும் உருவி, நேரா வச்சு, பிளாஸ்டிக் காலை அமுக்கியிருக்காங்க. இவர் வேலை இப்படி இருக்காது. மிச்சம் ஒரு சாவிதான்."

ஆபரேட்டர் கதவுப் பக்கம் பார்த்தான். நகரவில்லை.

நர்ஸ் ஃபிட்டரிடம் திரும்பினார். "பிளாஸ்டிக் காலைப் பார்த்ததுமே உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். ஏன் வாயைத் திறக்கல?"

"வீட்டுக்குப் போய் அவ முகத்துல முழிக்கணுமே, சிஸ்டர்."

ஆபரேட்டர் ஃபிட்டரின் பக்கம் திரும்பினான்.

"கரண்டை நிறுத்தினா கீழ ஆறு பேருக்கும் தண்ணி நின்னுடுமேன்னுதான், மாமா, நிறுத்தாம சொருகினேன்."